காலிப்பர் பெயிண்ட் உரிகிறதா, ஒட்டுகிறதா, கருக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

காரின் பிரேக் காலிப்பருக்கு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகத்துக்கு, வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது ஒரு நாள் வேலை. அது சரியாக வந்ததா என்று தெரியச் சில வாரம் ஆகும். அடித்த அன்று எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். நாலைந்து முறை கழுவி, ஒரு மழையில் ஓட்டி, ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்த பிறகுதான் தப்பு வெளியே வரும். அப்போது பலரும் கெட்ட இடத்தை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே இன்னொரு கோட் அடிக்கிறார்கள். அது நிற்காது. கெட்டுப்போனது பெரும்பாலும் மேல் கோட் இல்லை, அதற்கு அடியில் கிடக்கும் ஏதோ ஒன்று.

அதனால் எதையும் சுரண்டுவதற்கு முன் டிஸ்க் உள்ள எல்லாச் சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் தப்பு உங்கள் தயாரிப்பிலோ பெயிண்டிலோ இருக்கிறது. ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் கெட்டிருந்தால் முதலில் பிரேக்கைச் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வழி வந்துவிட்டது போல. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கீழே, நிறம் மாறும் இடத்தில் வரும்.

திரும்ப வேலையில் இறங்குமுன்

ஜாக்கியை மட்டும் நம்பி சக்கரத்தைக் கழற்றாதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் காலிப்பரைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். அப்போது காரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டையும் கியரும்தான். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல், பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளக் கூடாது. கழற்றிய காலிப்பர் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கக் கூடாது, ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டிவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரம் செய்து துடைப்பதே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பெயிண்ட் சீக்கிரம் காயட்டும் என்று ஹீட் கன் எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த வகை ஒன்று உண்டு. அது கொதிக்கும் உலோகத்திலோ தீயிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். குளோரின் இல்லாத வகை எளிதில் தீப்பிடிக்கும். இரண்டுமே முழுக்க ஆவியாகும் வரை சூடு பக்கத்தில் வரக் கூடாது.

தகடு தகடாக உரிகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். உரிந்த ஒரு துண்டை நகத்தால் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். பின்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் உலோகத்தில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது, இல்லையென்றால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் விட்டிருக்கிறீர்கள். பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் தளர்ந்த துருவின் மேல் அடித்திருக்கிறீர்கள். பெயிண்ட் துருவைப் பிடித்தது, துரு இரும்பை விட்டுவிட்டது. கறுப்புப் பொடி ஒட்டியிருந்தால் அது பிரேக் தூசி.

பசை போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகு சுத்தமான தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பார்த்த கையோடு உலர்த்திவிடுங்கள். வார்ப்பிரும்பு ஈரத்தில் சில மணி நேரத்திலேயே துருப் பூத்துவிடும். அதனாலேயே முந்தின நாள் தேய்த்துவைத்து மறுநாள் அடிப்பது நல்லதல்ல.

உலோகம் தெரியும்வரை கம்பி பிரஷ், அப்புறம் 120 எண் உப்புத்தாள், கடைசியாக 180 அல்லது 240. இந்தக் கீறல்கள்தான் பெயிண்டுக்குப் பிடிமானம். கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் அழகாக இருக்கும், ஒட்டாது. அலுமினிய காலிப்பர் என்றால் அதற்கேற்ற பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும். வார்ப்பிரும்புக்குப் பல காலிப்பர் பெயிண்டுகள் நேரடியாகவே போகும். அமிலத்தன்மை உள்ள எட்ச் பிரைமரின் மேல் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடிப்பது மட்டும் வேண்டாம், பல எபாக்ஸிகளுக்கு அது ஒத்துப்போகாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு.

உரிதல் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால், அதாவது பிளீடர் நிப்பிளை (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) சுற்றியோ, ஹோஸ் வந்து சேரும் போல்ட்டின் கீழோ, பிஸ்டன் ரப்பருக்கு அடியிலோ இருந்தால், அது வேறு கதை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் சார்ந்த பிரேக் ஆயில்கள். பெயிண்டை மென்மையாக்கி எழுப்பிவிடும். ஒருமுறை நிப்பிளுக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு மட்டும் பெயிண்ட் ஜவ்வு போல நெளிந்திருந்தது. துடைத்துவிட்டு டிஷ்யூ ஒன்றை அதன் மேல் சுற்றி வைத்தேன். மறுநாள் காலையில் அதன் ஓரம் நனைந்திருந்தது. நிப்பிள் முழுதாக இறுகவில்லை. நான் அதற்கு முன் இரண்டு தடவை அந்த இடத்துக்கு டச்-அப் செய்திருந்தேன். கசிவு நின்ற பிறகு அடித்த மூன்றாவது தடவைதான் நின்றது.

கசிவு நிப்பிளிலோ போல்ட்டிலோ என்றால் சரியான இறுக்கமும் புது வாஷரும் போதும். பிஸ்டன் பக்கம் என்றால் சீல் போய்விட்டது, காலிப்பரைப் பிரித்துப் பழுது பார்க்காமல் அந்தக் காரை ஓட்டக் கூடாது. சிந்திய ஆயிலை உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும், கிளைக்கால் தண்ணீரில் கரையும். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை. அது பெயிண்டை அரிக்காது, ஆனால் அது பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாது.

சின்னச் சின்னக் குழிகள், நடுவில் உலோகம் தெரிகிறது

பெயிண்ட் விழுந்த உடனே வட்டமாக விலகி மீன்கண் போல நிற்கும். பெரும்பாலும் சிலிக்கான்தான் காரணம். டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்ப்ரே, ஸ்லைடு பின்னின் (காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் கம்பி) கிரீஸ் தொட்ட கையுறை, இவற்றில் ஏதாவது ஒன்று. மேலும் மேலும் அடித்து மூட முயன்றால் குழி ஆழமாகும், விளிம்பு தடிக்கும். ஈரமாக இருக்கும்போதே தின்னரில் துடைத்து எடுத்துவிட்டு, கிளீனரில் இரண்டு துணியால் கழுவுங்கள். ஒரு துணியால் நனைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் சிலிக்கான் இடம் மாறுமே தவிரப் போகாது.

பெயிண்ட் சுருங்கிக் கருவாடு போல ஆகிவிட்டது

முதல் கோட் பாதி காய்ந்த நிலையில் இரண்டாவதை அடித்தால், அதன் கரைப்பான் அடியில் இறங்கி முதல் கோட்டை வீங்க வைக்கும். எனாமல் ஸ்ப்ரேக்களில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் டப்பாவில் அடுத்த கோட்டுக்கு ஒரு நேர இடைவெளி போட்டிருப்பார்கள். உதாரணமாக, ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் ஒன்றிரண்டு நாள் முழுதாகக் காயவிட்டு அடி என்பது போல. நடுவில் இருக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய் மூன்று மணி நேரம் கழித்து வந்து அடித்தீர்களானால் சுருக்கம் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

சுருங்கியதை அப்படியே இறுகக் காயவிட்டு, மட்டமாகத் தேய்த்து, மறுபடி அடிக்கலாம். ஆழமாகச் சுருங்கியிருந்தால் உலோகம் வரை எடுப்பதே மேல்.

ஒரு வாரம் ஆகியும் பிசுபிசுக்கிறது

முதலில் கேட்க வேண்டியது, அது என்ன பெயிண்ட் என்று.

சைலன்சருக்கான அதிவெப்ப ஸ்ப்ரேயை வாங்கி அடித்திருந்தால் தப்பு அங்கேதான். டப்பாவில் போட்டிருக்கும் பெரிய டிகிரி எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த வகைப் பெயிண்ட் பெரும்பாலும் சிலிக்கான் பிசின் சார்ந்தது. நல்ல சூடு ஏறினால்தான் அது முழுதாக இறுகும். சைலன்சர் அந்தச் சூட்டுக்குத் தானே போகும், காலிப்பர் போகாது. ஆகவே அது என்றைக்கும் அரைகுறையாகவே நிற்கும். பிரேக் கிளீனர் பட்டால் துணியோடு வந்துவிடும். அதை எடுத்துவிட்டு, காலிப்பருக்கென்றே செய்த பெயிண்டை அடியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெப்பம் தாங்குவதைவிடப் பிரேக் ஆயிலையும் கிளீனரையும் தாங்குவதுதான் காலிப்பர் பெயிண்டுக்கு முக்கியம்.

இரண்டு பாகமும் கலந்து பிரஷ்ஷால் அடிக்கும் எபாக்ஸி என்றால், ஹார்டனர் (இறுக வைக்கும் பாகம்) அளவு தவறியிருக்கலாம், அடியோடு கிளறாமல் விட்டிருக்கலாம், குளிரும் இருக்கலாம். சாதாரண எபாக்ஸி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றேவிடும்; இடத்தைச் சூடாக்கினால் மறுபடி இறுகத் தொடங்கும். அளவு தவறியிருந்தால் வழியில்லை, மேலே ஹார்டனரைத் தடவுவதால் ஒன்றும் ஆகாது, சுரண்டத்தான் வேண்டும். ஆனால் சுரண்டுமுன் ஒரு சோதனை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஓர் இடத்தைத் துடையுங்கள். ஈரமும் குளிருமான நாளில் எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் மிதந்து வரும். அது போனதும் அடியில் கெட்டியாக இருந்தால் பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கழுவினால் போதும்.

கொப்புளம்

குண்டூசியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே காய்ந்த வெற்றிடம் என்றால் கோட் தடிமனாக இருந்து, கரைப்பான் வெளியேறுமுன் மேல்தோல் மூடி, அப்புறம் பிரேக் சூட்டில் பொங்கியிருக்கிறது. அடித்த அன்றைக்கே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது வரும். உள்ளே பழுப்புத் தூளோ ஈரமோ என்றால் துரு. முதல் வகையில் கொப்புளங்களை மட்டும் தேய்த்து மெல்லிய கோட் கொடுத்தால் போதும். துரு என்றால் சுற்றிலும் கெட்டி உலோகம் வரும்வரை தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைப் போல இரண்டு மடங்கு இடத்தை எடுக்க வேண்டிவரும்.

வழிதல், சொரசொரப்பு, பால் போன்ற மங்கல்

இவை கண்ணுக்குத்தான் கெடுதல், பிரேக்குக்கு ஒன்றும் இல்லை. வழிந்தால் பக்கத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கை நிற்காமல் மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். ஆரஞ்சுத் தோல் போல இருந்தால் டப்பா குளிர்ந்திருக்கிறது அல்லது நீங்கள் அதிகம் தள்ளி நின்றிருக்கிறீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் டப்பாவை வைத்தெடுத்தால் துளி மெலிதாக விழும். பால் போல மங்கினால் காற்றில் ஈரம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அடிக்காதீர்கள்.

நிறம் கருக்கிறது

முதலில் அது அழுக்கா, கருகலா என்று பாருங்கள். மஞ்சள், வெள்ளை போன்ற வெளிர் நிறங்களில் பிரேக் தூசி படிந்தே பழுப்பாகிவிடும். மிதமான சோப்பில் போனால் அழுக்குதான். அமிலம் கலந்த வீல் கிளீனரை எடுத்துவிடாதீர்கள், அது பெயிண்டையே மங்கடிக்கும்.

போகவில்லை, முன் இரண்டு காலிப்பரும் ஒரே அளவு கருத்திருக்கின்றன என்றால் பிரேக் கடுமையாக உழைத்திருக்கிறது. டிஸ்க் ஒரு நீண்ட இறக்கத்தில் சில நூறு டிகிரி போகும். காலிப்பர் அந்த அளவு ஏறாவிட்டாலும், பெயிண்டைக் கருக்கிய சூடு உள்ளே இருக்கும் ஆயிலையும் தொட்டிருக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிதான். பெயிண்டைச் சரிசெய்யும் முன் ஆயிலை மாற்றுங்கள்.

ஒரே சக்கரத்தில் மட்டும் கருத்திருந்தால், பெயிண்டைத் தொடவே தொடாதீர்கள். நண்பர் ஒருவரின் காரில் நாலும் ஒரே நாளில், ஒரே டப்பாவில் அடித்த சிவப்பு. இரண்டு மாதம் கழித்து மூன்று அப்படியே சிவப்பாக இருந்தன, முன் இடது மட்டும் ஈரல் நிறத்துக்குப் போயிருந்தது. பெயிண்ட் மோசம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினோம். அரைச் சுற்றுக்கூடப் போகாமல் உரசி நின்றது. கீழ் ஸ்லைடு பின்னை ஸ்பேனர் போட்டு முறுக்கி வெளியே எடுத்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் செங்காவித் தூள்தான் கொட்டியது. அந்தப் பெயிண்ட் அவருக்கு ஒரு நல்ல எச்சரிக்கையைத் தந்திருந்தது. பூசாத காலிப்பராக இருந்தால் பேட் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு உரசும் வரை தெரிந்திருக்காது.

நீங்களும் இப்படியே சோதிக்கலாம். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். பெயிண்ட் பூசிய பரப்பில் அந்தக் கருவி நம்பகமாகக் காட்டும், பளபளக்கும் வெறும் உலோகத்தில் காட்டாது. ஒரு பக்கம் தெளிவாக அதிகம் என்றால் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். மிதியை மிதித்து விட்ட பிறகும் இறுக்கிப் பிடித்திருந்தால் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது; உள்ளே வீங்கிய ஹோஸ் பொதுவான காரணம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்திருக்கிறது. பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கான கிரீஸ் மட்டும் போடுங்கள். பிரேக் ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். மண்ணெண்ணெயில் காலிப்பரைக் கழுவுகிற பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட வேண்டும்.

பெயிண்ட் அழகாக இருக்கிறது, ஆனால் கார் முன்போல இல்லை

இந்தப் பகுதியைத் தள்ளிப்போடக் கூடாது.

மிதி தரை வரை போகிறது என்றால், பேடைப் பொருத்தும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். கார் நகருமுன் மிதி கெட்டியாகும் வரை அடித்து அடித்து மிதிக்க வேண்டும். அப்படியும் பஞ்சு போல இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பிளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை நிப்பிள் வழியே வெளியேற்றாமல், வீட்டு வாசலைத் தாண்டாதீர்கள்.

கீச்சென்று சத்தம் வந்தால் டிஸ்க்கிலோ பேடிலோ பெயிண்ட் தூவல் பட்டதா என்று பாருங்கள். டிஸ்க்கைக் கிளீனரில் துடைக்கலாம். பெயிண்டோ கிரீஸோ ஊறிய பேடை ஜோடியாக மாற்றிவிடுங்கள், தேய்த்துப் போடுவது வேண்டாம். பேடின் பின்னால் இருந்த மெல்லிய தகடும் கிளிப்பும் திரும்ப வந்து உட்கார்ந்தனவா என்றும் பாருங்கள்.

பேட் உரசிக்கொண்டே இருந்தால் பிராக்கெட்டில் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) பேட் காது நகரும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே பெயிண்ட் இருக்கவே கூடாது. இரண்டு கோட் தடிமன் போதும், பேட் இறுகிவிடும். கையால் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லையென்றால் உலோகம் வரை சுரண்டுங்கள். பிஸ்டன் ரப்பரில் பெயிண்ட் படிந்திருந்தால் அது காய்ந்து வெடிக்கும்போது ரப்பரையும் கிழிக்கும், ஆகவே கவனமாக எடுத்துவிடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், ஹப்புக்கும் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) டிஸ்க்குக்கும் நடுவே பெயிண்டோ துருச் செதிலோ மாட்டியிருக்கும். மையத்தில் ஒரு தாள் கனம் இருந்தால் டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் அதைவிடப் பெரிதாகும். அதே போல வீல் நட் உட்காரும் இடம், சக்கரம் ஹப்பைத் தொடும் முகம், காலிப்பர் போல்ட்டின் தலைக்கு அடி, இங்கெல்லாம் பெயிண்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி இறுக்கம் தளரும். துடைத்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் போட்டு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கர சென்சாரின் ஒயர் இழுபட்டிருக்கலாம், முனையில் பெயிண்ட் தூவல் இருக்கலாம்.

மறு பெயிண்ட் நின்றதா என்று பார்க்க

எபாக்ஸி முழுதாக இறுக ஒரு வாரம் கொடுங்கள். அதுவரை கிளீனரோ பிரஷர் வாஷரோ வேண்டாம். அப்புறம் காலிப்பரின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கீறி, நல்ல டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் எல்லாச் சக்கரத்திலும் அதே கதைதான் காத்திருக்கிறது, திரும்பச் சுத்தம் செய்யும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வராவிட்டால் கீறிய இடத்தை ஒரு துளி பெயிண்டால் மூடிவிடுங்கள்.

பிளீடர் நிப்பிளில் பெயிண்ட் ஏறி இறுகியிருந்தால் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது முறுக்கி உடைத்துவிட வாய்ப்பு அதிகம். இப்போதே நிப்பிளுக்கும் காலிப்பருக்கும் இடையில் பிளேடு முனையால் ஒரு வட்டம் கீறி, ஆறு மூலை உள்ள ரிங் ஸ்பேனரை முழுதாக உட்காரவைத்துக் கால் சுற்று திறந்து, ஒரு துளி ஆயில் வந்ததும் இறுக்கி, தண்ணீரில் கழுவி, ரப்பர் மூடியைப் போடுங்கள்.